அணையை வடிக்காமல் அடியைப் பார்க்கும் சேவை: நீரடி ரோபோ ஆய்வு பற்றிய மதிப்புரை

சிறிய ஊர் ஒன்றுக்குக் குடிநீர் தரும் பழைய மண்ணணையில் வெளியே தெரியும் பாகங்களை நடந்துபோய்ப் பார்த்துவிடலாம். கரையின் வெளிச்சரிவில் ஈரம் ஊறுகிறதா, மரம் வேர்விட்டிருக்கிறதா, உபரிநீர்ப் போக்கியில் விரிசல் விட்டிருக்கிறதா என்று அறியக் கண்ணும் குறிப்பேடும் போதும். பார்க்க முடியாதவை எல்லாம் தண்ணீருக்கடியில் இருக்கின்றன: மதகுக் கோபுரத்தின் அடிப்பகுதி, ஷட்டர், அதைத் தூக்கி இறக்கும் தண்டு, குப்பைத் தடுப்புக் கம்பிகள், கரைக்கு ஊடாகப் போகும் வெளியேற்றுக் குழாயின் வாய். இவற்றுக்காக ஆய்வு நிறுவனங்கள் தரும் சேவைதான் ஆர்.ஓ.வி. ஆய்வு. கேபிள் கட்டிய சிறு நீரடி வண்டியைக் கேமராவுடன் இறக்கி, கரையில் அல்லது படகில் இருந்தபடி ஓட்டிப் படம்பிடிப்பார்கள்.

ஒரே நீர்த்தேக்கத்தை நம்பியிருக்கும் ஊருக்கு இது வாங்கத்தக்க சேவை. ஆனால் "அணையை ஆய்வு செய்து தாருங்கள்" என்று ஒற்றை வரியில் கேட்டு வாங்கினால் கையில் மிஞ்சுவது பச்சை நிறத்தில் ஒரு நீளமான வீடியோ. எந்தப் பாகம், எந்த ஆழம், எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்று வாங்குபவர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தால்தான் அதே வண்டியும் அதே ஓட்டுநரும் பயன்படும் அறிக்கையைத் தருவார்கள்.

தண்ணீரை வடித்துவிட்டுப் பார்த்தால் என்ன என்ற யோசனை எல்லா நகராட்சிக் கூட்டத்திலும் எழும். ஊருக்கு வேறு நீர் இல்லை என்பது முதல் தடை. அதைவிடப் பெரிய தடை கரையிலேயே இருக்கிறது. நீண்ட காலம் ஊறிய களிமண் கரையில் தேக்கத்தின் மட்டம் வேகமாக இறங்கினால், உட்சரிவைத் தாங்கி நின்ற நீரின் அழுத்தம் போய்விடும். மண்ணுக்குள் இருக்கும் நீர் அதே வேகத்தில் வடியாது. சரிவு உள்நோக்கிச் சறுக்கும். கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் அணையில் 1981-ல் உட்சரிவு சறுக்கியது இப்படி மட்டம் இறக்கப்பட்ட பிறகுதான். அது நன்றாகக் கட்டப்பட்ட பெரிய அணை. வரைபடமே இல்லாத பழைய சிறு கரையை நாளுக்கு 30 செ.மீ.க்கு மேல் இறக்குவது, நிலைத்தன்மைக் கணக்கு போட்டுப் பார்க்காமல் செய்யக் கூடாத வேலை.

முக்குளிப்பவரை இறக்குவது இன்னொரு வழி. கையால் தடவிப் பார்க்க, போல்ட்டை முடுக்க, துருவைச் சுரண்ட மனிதக் கைக்கு நிகர் இல்லை. ஆபத்து அழுத்த வேறுபாட்டில் இருக்கிறது. 10 மீட்டர் ஆழத்தில், மறுபக்கம் காலியாக இருக்கும் 300 மி.மீ. துளையை ஒருவரின் உடலோ கையோ அடைத்தால், அதை அழுத்திப் பிடிக்கும் விசை சுமார் 700 கிலோ எடைக்குச் சமம். துளை 600 மி.மீ. என்றால் ஏறத்தாழ 2.8 டன். நான்கு பேர் சேர்ந்து இழுத்தாலும் விடுபடாது. ஷட்டர் மூடியிருக்கிறது என்று மேலே இருப்பவர் நினைப்பதும் அது உண்மையில் ஒரு சாண் திறந்து நிற்பதும் பழைய மதகுகளில் சாதாரணம். அதனால் வரிசை இதுதான்: முதலில் வண்டி, அது காட்டியதைப் பார்த்த பிறகு, ஷட்டர் தண்டையும் வால்வையும் பூட்டிச் சாவியை முக்குளிப்புக் குழுவின் தலைவரிடம் கொடுத்த பிறகு, தேவைப்பட்டால் மட்டும் மனிதர். இந்த ஒரு காரணத்துக்காகவே இச்சேவைக்கு முதல் மதிப்பெண்.

வண்டியைப் பற்றி விளம்பரங்கள் முன்னிறுத்துவது எவ்வளவு ஆழம் போகும் என்பதை. சிறு ஊர் அணைகளில் அது பெரும்பாலும் பொருட்டே இல்லை. இத்தகைய வேலைகளில் புழங்கும் ப்ளூஆர்ஓவி2 போன்ற சிறு வண்டி குறைந்தது 100 மீட்டர் தாங்கும். தேக்கத்தின் ஆழம் 10 முதல் 25 மீட்டர். கேட்க வேண்டியது வேறு. வண்டியை நகர்த்தும் சுழல்விசிறிகளான உந்திகள் 6-ஆ 8-ஆ என்று கேளுங்கள். 8 உந்திகள் கொண்ட அமைப்பு சாய்ந்த நிலையிலும் அசையாமல் நிற்கும், சரிவான கல் பதிப்பைச் செங்குத்தாக நோக்கிப் படமெடுக்க அது உதவும். மின்சாரம் பேட்டரியிலா, கேபிள் வழியாகவா? பேட்டரி என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மேலே எடுத்து, உறையைத் திறந்து, மாற்றி, மூடிய பின் வெற்றிட பம்ப் வைத்து ரப்பர் வளையங்கள் காற்றுப் புகாமல் இருக்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்க்கும் குழு நடுவேலையில் வண்டியை நீர் புகுந்து இழக்கும். உங்கள் நாளும் போகும். அளவுகோலாக இரண்டு இணை லேசர் புள்ளிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பச்சை லேசர் நல்லது, சிவப்பை நீர் சீக்கிரம் விழுங்கிவிடும். தட்டைக் கண்ணாடி வழியாக எடுத்த படத்தில் பொருள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். லேசர் இல்லாத வீடியோவை வைத்து "விரிசல் 5 மி.மீ." என்று எழுதும் அறிக்கையை ஏற்கவே வேண்டாம்.

இந்தச் சேவை தோற்பது பெரும்பாலும் கலங்கிய நீரில். விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டினால் சரியாகாது. துகள்கள் ஒளியைக் கேமராவுக்கே திருப்பி அனுப்பித் திரையை வெள்ளையாக்கும். விளக்கைக் கேமராவிலிருந்து பக்கவாட்டில் தள்ளி, கோணமாக வைத்தால் ஓரளவு குறையும். ஆய்வு நாளைக் குறிப்பதற்கு முன் 20 செ.மீ. விட்டமுள்ள கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கி, எந்த ஆழத்தில் மறைகிறது என்று உங்கள் ஆட்களே பார்த்துவிடலாம். ஒரு மீட்டருக்குள் மறைந்தால் கேமரா மட்டும் கொண்டுவரும் குழுவை அழைக்காதீர்கள். புதிய வரத்து நின்று வண்டல் படியும்வரை, பாசி பெருகும் பருவம் தணியும்வரை காத்திருக்கலாம், அல்லது ஒலி அலைகளால் படமெடுக்கும் சோனார் கேட்கலாம். சோனாரிலும் இரண்டு வகை உண்டு. சுழலும் ஒற்றைக் கற்றை வகை வழி காட்டவும் பெரிய பள்ளங்களைப் பார்க்கவும் போதும். பல கற்றை கொண்ட, 1 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இயங்கும் வகைதான் சில மீட்டர் தூரத்தில் உடைந்த கம்பியையும் பெயர்ந்த கல்லையும் காட்டும். இரண்டையும் வெறும் "சோனார்" என்றே விலைப்பட்டியலில் எழுதுவார்கள். எந்த வகை, எந்த அதிர்வெண் என்று எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்த குறை: வண்டி எங்கே நிற்கிறது என்பது. ஜி.பி.எஸ். நீருக்கடியில் வேலை செய்யாது. திசைகாட்டி இரும்பு ஷட்டருக்கும் கான்கிரீட் கம்பிக்கும் அருகில் பொய் சொல்லும். ஒலி வழி இடங்காட்டிகள் குறுகிய கோபுரத்துக்குள் எதிரொலியில் குழம்பும். நம்பகமானது ஆழமானி ஒன்றுதான். இதற்குச் சிறந்த தீர்வு மலிவானது: கோபுர மேடையிலிருந்து எடை கட்டிய கயிறுகளை, ஒவ்வொரு அரை மீட்டருக்கும் நிறப் பட்டையும் எண்ணும் ஒட்டி, குறித்த இடங்களில் தொங்கவிடுவது. ஒவ்வொரு படத்திலும் கயிற்று எண் தெரிந்தால் பிறகு யார் பார்த்தாலும் இடம் தெரியும், அடுத்த முறை அதே இடத்துக்குத் திரும்பி வரவும் முடியும். கயிறு கட்டத் தயங்கும் குழு பிற்பாடு ஒப்பிட முடியாத வீடியோவைத் தரும். கயிற்றை இழுவிசையோடு கட்டச் சொல்லுங்கள். தளர்ந்த கயிறு உந்தியில் சுற்றிக்கொள்ளும்.

எவ்வளவு நேரம் ஆகும் என்பதை நீங்களே கணக்கிடலாம், விலைப்புள்ளிகளை எடைபோட இதைவிட நல்ல வழி இல்லை. 1920 புள்ளி (பிக்சல்) அகலமுள்ள கேமரா அரை மீட்டர் அகலக் காட்சியைப் பிடித்தால் ஒரு புள்ளி சுமார் 0.26 மி.மீ. ஆக, 1 மி.மீ. விரிசல் நான்கு புள்ளி அகலத்தில் தெரியும், 0.3 மி.மீ. விரிசலை நம்ப முடியாது. 40 மீட்டர் நீளமும் 10 மீட்டர் ஆழமும் உள்ள கான்கிரீட் முகத்தை அரை மீட்டர் பட்டைகளாக, 10 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படும்படி எடுத்தால் 100 பட்டைகள், மொத்தம் 1 கி.மீ. ஓட்டம். விநாடிக்கு 10 செ.மீ. வேகத்தில் இரண்டே முக்கால் மணி நேரத்துக்கும் மேல். திரும்புவது, பேட்டரி மாற்றுவது, கலங்கல் தெளியக் காத்திருப்பது எல்லாம் சேர்த்தால் ஒரு முழு நாள். முகப்பு, கோபுரம், குழாய் மூன்றையும் அரை நாளில் முடிப்போம் என்பவர் விரிசலைப் பார்க்கப்போவதில்லை, உருவத்தை மட்டும் காட்டுவார். அதுவே போதும் என்ற நிலையும் உண்டு. ஆனால் அதைத் தெரிந்து வாங்க வேண்டும்.

கோபுரத்தில் வேலை மேலிருந்து கீழே போக வேண்டும். அடியைத் தொட்டுவிட்டால் உந்திகள் கிளப்பும் வண்டல் மணிக்கணக்கில் தணியாது. குழாய்க்குள் போகும்போதே படமெடுக்க வேண்டும், திரும்பும்போது எதுவும் தெரியாது. நல்ல ஓட்டுநர் வண்டி தானாகச் சற்றே மேலே மிதக்கும்படி எடையை அமைத்துக்கொள்வார், அப்போது அதைக் கீழே பிடித்து நிறுத்தும் செங்குத்து உந்திகள் நீரை மேல்நோக்கியே தள்ளும், வண்டல் கிளம்பாது. இதை நேர்காணலில் கேட்டாலே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

இனி, வண்டி நன்றாகக் காட்டுபவை. தடுப்புக் கம்பிகளில் எத்தனை அடைந்திருக்கின்றன, எது வளைந்தது, எது காணாமல் போனது என்பது சந்தேகமின்றித் தெரியும். வண்டல் மட்டம் மதகு வாசலுக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதைக் கயிற்று எண்ணோடு ஒப்பிட்டுச் சொல்லலாம். வாசலைத் தொட்டுவிட்டால் ஷட்டர் கீழே இறங்கி அமராது. ஷட்டர் தண்டைச் சுவரோடு பிடித்திருக்கும் வழிகாட்டிகளைத் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும், பலர் விட்டுவிடுவது இதைத்தான். மெல்லிய நீளமான தண்டு இழுப்பைத் தாங்கும். கீழ்நோக்கித் தள்ளும்போது வழிகாட்டி ஒன்று கழன்றிருந்தால் அந்த இடைவெளியில் வளைந்துவிடும். வளைந்த தண்டோடு மேலே சக்கரத்தைப் பலமாகத் திருகினால் சக்கரம் சுற்றும், ஷட்டர் நகராது, இயக்குபவரோ மூடிவிட்டதாகக் குறிப்பெழுதுவார். அதனால் வண்டி ஷட்டர் முன் நிற்கும்போது மேலே ஒருவர் கொஞ்சம் ஏற்றி இறக்கிக் காட்ட வேண்டும். இதற்குக் குழாயின் கீழ்முனை வால்வு மூடியிருக்க வேண்டும், வண்டி குறைந்தது சில மீட்டர் விலகி நிற்க வேண்டும். நகர்வு எத்தனை செ.மீ., மேலே எத்தனை சுற்று என்று இரண்டையும் ஒரே நேரத்தில் எழுதினால் சுற்றுக்கு ஏற்ப ஷட்டர் நகர்கிறதா என்று தெரிந்துவிடும்.

காட்டாதவையும் உண்டு, அவை அற்பமானவை அல்ல. பழைய வார்ப்பிரும்புக் குழாயில் இரும்பு கரைந்து வெளியேறிக் கிராஃபைட் மட்டும் அதே வடிவத்தில் நிற்கும் அரிப்பு ஒன்று உண்டு. படத்தில் குழாய் முழுசாகத் தெரியும், கத்தி முனையால் சுரண்டினால் பொடியாகும். எஃகுத் தகட்டின் கனத்தை மீயொலிக் கருவி அளக்கும், ஆனால் துருக்கட்டிகளைச் சுரண்டி எடுத்த இடத்தில்தான். குழாய்க்கு வெளியே மண்ணில் குழிவு விழுந்திருப்பதை எந்தக் கேமராவும் காட்டாது. சிறு மண்ணணைகளில் அஞ்ச வேண்டியது அதைத்தான். அமெரிக்காவின் கொலராடோவில் 1903-ல் கட்டப்பட்ட லான் லேக் மண்ணணை 1982 ஜூலை 15 அன்று உடைந்து 3 பேர் இறந்தார்கள். வெளியேற்றுக் குழாயும் வால்வும் சேரும் இடத்தில் இருந்த ஈய அடைப்பு சிதைந்ததுதான் பெரும்பாலும் காரணம் என்று மாநிலப் பொறியாளர் அலுவலகம் முடிவு செய்தது. அங்கிருந்து கசிந்த நீர் குழாயை ஒட்டியே மண்ணை அரித்துக்கொண்டு போனது.

ஆகவே நீரடி ஆய்வோடு குழாயின் உட்பக்க ஆய்வையும் சேர்த்து வாங்குவது சிறந்தது. மேல்முனை ஷட்டரை மூடி, குழாயை வடித்து, கீழ்முனையிலிருந்து சக்கர வண்டிக் கேமராவை அனுப்புவார்கள். தேக்கம் நிறைந்திருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். அப்போதுதான் இணைப்புகளில் உள்ளே பீறிடும் நீர் கண்ணில் படும். அந்த நீரோடு மண் வருகிறதா என்பதுதான் மிக முக்கியமான கேள்வி. வடிக்கும் முன் காற்றுக் குழாய் அடைபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அடைந்திருந்தால் உள்ளே உருவாகும் வெற்றிடம் மெல்லிய எஃகுக் குழாயை நசுக்கிவிடும். மனிதர் யாரும் ஆக்ஸிஜனும் ஹைட்ரஜன் சல்பைடும் அளக்காமல் அதற்குள் தலை நீட்டக் கூடாது.

கரையின் உட்சரிவுக்கு வண்டியைவிடச் சோனார் பொருத்தமானது. அலை அடிக்கும் மட்டத்தில் கற்கள் பெயர்ந்து படி போல வெட்டுப்பட்டிருப்பதும், அடிவாரத்தருகே புனல் வடிவப் பள்ளமும் தேட வேண்டியவை. பள்ளம் கிடைத்தால் சாயம் விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். இது குடிநீர், குடிநீருக்கு ஏற்ற சான்று பெற்ற சாயமாகவும் சுகாதாரத் துறையின் அனுமதியோடும் இருக்கட்டும். ஃப்ளோரசின் என்ற சாயம் வெயிலில் சிதையும் என்பதால் சாயம் வெளிப்பக்கம் தெரியவில்லை என்பது கசிவு இல்லை என்பதற்குச் சான்றாகாது. சாயத்துக்கு முன்பே, வெளிப்பக்கக் கசிவை ஓரிடத்தில் திரட்டி வி வடிவ வெட்டுத் தகட்டால் அளந்து வைத்திருக்க வேண்டும். 90 பாகை வெட்டில் அதன் அடிமுனைக்கு மேல் நீர் 10 செ.மீ. உயர்ந்தால் விநாடிக்கு சுமார் 4.4 லிட்டர், 5 செ.மீ. என்றால் 0.8 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அதற்கும் சிறிய கசிவுக்குக் குறுகிய வெட்டு வேண்டும். இந்தத் தகடு இல்லாத அணைக்கு முதலில் அதைப் பொருத்துங்கள், ரோபோ பிறகு வரட்டும்.

எதிர்பாராத லாபம் ஒன்று: வண்டியில் வெப்பமானியும் ஆக்ஸிஜன் உணரியும் பொருத்திக் கேட்டால், ஒவ்வொரு மீட்டருக்கும் அளவு கிடைக்கும். வெப்பம் திடீரென இறங்கும் அடுக்குக்குக் கீழே ஆக்ஸிஜன் தீர்ந்திருந்தால் அங்கே இரும்பும் மாங்கனீசும் கரைந்திருக்கும். குழாயில் கறுப்பு நீர் வருவதன் காரணம் அங்கிருக்கலாம், எந்த மட்டத்து மதகைத் திறப்பது என்ற முடிவும் அதிலிருந்தே வரும்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரிகள் கட்டாயம் வேண்டும். ஒன்று, வண்டி சிக்கினால் மீட்பது யார் பொறுப்பு என்பது. குழாயில் கேபிள் 90 பாகை வளைவு ஒன்றைத் தாண்டினால் இழுவிசை 1.6 மடங்கும், இரண்டைத் தாண்டினால் 2.6 மடங்கும் ஆகும், அதுவும் உராய்வு மிதமாக இருக்கும்போது. ஊரின் ஒரே உள்வாங்கியை அடைத்துக்கொண்டு வண்டி நின்றுவிட்டால் ஆய்வே விபத்தாகிவிடும். இரண்டு வளைவுக்கு மேல் அனுப்ப ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்னொன்று, சுத்தம். முன்பு எந்த நீரில் இறங்கியது என்று கேளுங்கள். குழாய்களில் ஒட்டிப் பெருகி அடைக்கும் வரிச்சிப்பிகளின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் உறைக்குள் தங்கிய சிறு நீரிலேயே ஊர் மாறும். கழுவி, வடித்து, முற்றிலும் உலர்த்தி, லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரின் கரைசலால் தெளித்த பிறகே கேபிள் உட்பட எல்லாம் உங்கள் நீரைத் தொடலாம். வேலை நடக்கும்போது அந்த மட்டத்து மதகை மூடி, சுத்திகரிப்பு நிலையத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கிளம்பும் வண்டல் வடிகட்டியை அடைந்தால் அன்று மாலை வரை சிரமம்.

அறிக்கையில் வெட்டி ஒட்டிய படங்கள் மட்டும் வந்தால் திருப்பி அனுப்பலாம். வெட்டாத முழு வீடியோ, அதன் மேல் ஆழமும் நேரமும், கயிற்று எண்ணோடு குறிக்கப்பட்ட குறைபாட்டு வரைபடம், பார்க்க முடியாமல் போன இடங்களின் பட்டியல் ஆகிய நான்கும் வேண்டும். கடைசியில் சொன்ன பட்டியல் இல்லாத அறிக்கையை நம்பாதீர்கள். எந்த அணையிலும் வண்டல் மூடிய மூலை, வண்டி நுழையாத இடுக்கு என்று ஏதாவது இருக்கும். அவற்றைச் சொல்லாமல் விட்டால் படித்தவர் அங்கும் பழுதில்லை என்று எடுத்துக்கொள்வார். கயிறுகள் தொங்கிய இடங்களில் மேடையில் பித்தளை ஆணி அடித்துக் குறி வைக்கச் சொல்லுங்கள், அடுத்த குழு வேறு நிறுவனமாக இருந்தாலும் அதே கோட்டில் இறங்க முடியும்.